இந்தக் காற்றுக்கு அல்ல

ஷால்கிராஸில் என் கராஜுக்கு வருவதெல்லாம்
புல்வெட்டி, செயின் ரம்பம்,
யார் வீட்டுக் கல்யாணத்திலோ பாதியில் நின்ற ஜெனரேட்டர்.
இது மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை
டிசம்பர் புழுக்கத்தில்
கெர்ரிட்டின் பேக்கி வண்டியில்
தார்ப்பாய் போர்த்தி வந்து இறங்கும்.

பனியில் ஓடுகிற வண்டி.
முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் அகல ரப்பர் பட்டை,
எருமை முதுகு.
பார்க்லி ஈஸ்ட் மலைமேல் ஆடுகள் மாட்டிக்கொண்டால்
தீவனக் கட்டு இழுத்துப் போவதற்கு.
வயது முப்பத்தொன்று.
என் கடைசித் தம்பிக்கு மூன்று வருஷம் இளையது,
அவனைவிட ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும்.

"பனி பார்த்திருக்கிறீர்களா, ஆன்ட்டி?"
வேலிக்கு மேலே படையாச்சி வீட்டுக் கிரேசனின் தலை.
ஃப்ரீசரில், என்றேன்.

ஏர் பாக்ஸைத் திறந்தால் எலி குடித்தனம்:
ஆட்டு மயிர், குதிரைமசால் தண்டு,
மஞ்சள் காதுவில்லை ஒன்று, எண் 0417.
அந்த ஆடு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.
கழுவிச் சாவி வளையத்தில் மாட்டிக்கொண்டேன்.

கார்புரேட்டருக்குள் போன வருஷப் பெட்ரோல்
வெல்லப்பாகாய்க் காய்ந்திருந்தது.
சின்ன ஜெட்டின் துளையில் ஊசி போகாது;
பித்தளைப் பிரஷ்ஷின் ஒற்றை இழை போகும்,
மூச்சை அடக்கினால்.

கம்ப்ரஷன் வலது நூற்றிருபது, இடது தொண்ணூற்றெட்டு.
ரிங் வர பதினொரு வாரம்.
சுங்கத்தில் நொம்புசோ படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
எதற்கு?
பனி வண்டிக்கு.
ஜன்னலுக்கு வெளியே முப்பத்துமூன்று டிகிரி.
சீல் குத்தும்போதுதான் சிரித்தாள்.

கிரீஸ் வைக்கும் இடம் பதினாலு.
பதினாலாவது எப்போதும் வயிற்றுக்கடியில் ஒளிந்திருக்கும்,
சிமென்ட்டில் மல்லாந்து படுத்தால்தான் முகம் காட்டும்.

இனிதான் சங்கடம்.
அங்கே காற்று மெலிசு, இரண்டாயிரத்து நானூறு மீட்டர், மைனஸ் எட்டு.
இங்கே கடலோரம்,
பிழியாத துணிபோல் காற்று.
இதற்குத் தகுந்த ஜெட் போட்டால்
அங்கே பெட்ரோலைக் குடித்துப் புரையேறி நிற்கும்.
அதற்குத் தகுந்ததைப் போட்டால்
இங்கே பிஸ்டன் காய்ந்து இறுகிப்போகும்.
மின்வெட்டு இரவில், ஃபோன் வெளிச்சத்தில்,
மின்சார பில்லின் முதுகில் கணக்குப் போட்டேன்,
நான் ஒரு மூச்சும் இழுத்திராத காற்றுக்கு.

ஆகவே இரண்டு நிமிஷம். மேலே ஒரு விநாடி கூடாது.
பட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பனிதான் எண்ணெய்,
உலர்ந்து ஓடினால் உருகி ஒட்டும்.
பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டுக்
கிரேசன் கையில் தோட்டக் குழாயைக் கொடுத்தேன்:
"நிறுத்தாதே. செடிக்கு இல்லைடா, இங்கே, இங்கே."
கயிறு. கயிறு. கயிறு.
நாலாவது இழுப்பில் பிடித்தது.
நீலப் புகை நேரே போய்
அவன் அம்மாவின் கொடித் துணியில் உட்கார்ந்தது.
சத்தத்தில் ஒரு கூர்மை,
பசியில் பேசுகிறவன் குரல்போல.
சரி. அதுதான் வேண்டும்.
நூற்றுப்பதினெட்டில் அணைத்தேன்.

ஆறு வருஷமாய்ப் பழுது பார்க்கிறேன்,
இது ஓர் அடி நகர்ந்து நான் பார்த்ததில்லை.

ஜூலையில் கெர்ரிட் எழுதினான்:
நாலு நாள் பனி, முந்நூறு ஆடு, இரண்டு போச்சு.
ப்ளக்கைக் கழற்றிப் படம் அனுப்பு, என்றேன்.
வந்தது.
ஏதோ வெள்ளை. அதன்மேல் இரண்டு ப்ளக்.
வெள்ளையை இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.
விரலால் விரித்தேன்.
வலது, பால் விடாத தேநீர் நிறம்,
நான் கணக்குப் போட்ட அதே நிறம்.
இடது கரி.

எழுதினேன்:
இடது பக்க ஊசியில்
கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்று.
கையுறையோடு முடியாது.
கழற்று, சட்டென்று செய்.